பழகிப் போச்சு

‘வெம்பக்கோட்டை அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து. மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டதே காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரிய வந்துள்ளது. முதல்வர் இரங்கல். குடும்பத்தினருக்கு நிவாரணம்.’

இந்த நாலு வரியை எந்த வருஷத்துப் பேப்பரிலும் பார்க்கலாம். தேதியும் எண்ணிக்கையும்தான் மாறும். இப்போது படித்தபோது உங்களுக்குள் ஏதாவது அசைந்ததா? காபியைக் கீழே வைத்தீர்களா? இல்லையென்றால் உடனே உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டிக்கொள்ள வேண்டாம். முதல் தடவை இப்படி ஒரு செய்தியைப் படித்தபோது நிச்சயம் வைத்திருப்பீர்கள். பத்தாவது தடவை வைக்கவில்லை. இடையில் என்ன நடந்தது? ‘பழகிப் போச்சு’ என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம்.

பழகிப் போவது என்பது மூளைக்குள் நடக்கிற ஒரு வேலை. அது எந்த இடத்தில், எந்த ரசாயனத்தால், எப்படி நடக்கிறது என்று இன்றைக்கு ஓரளவு தெரியும். தெரிந்துகொண்டதால் ஒரு சங்கடமான கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. மறத்துப் போவது மூளையின் இயல்பு என்றால், மறத்துப் போனதற்கு நான் பொறுப்பாளியா?

*

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். வெம்பக்கோட்டை, விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில் இருக்கிற ஒரு தாலுகா தலைநகர். கரிசல் காடு, குறைந்த மழை, நிறைய வெயில். பயிருக்கு ஆகாத அந்த வறட்சி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்துவிட்டது. சனங்கள் ‘ஆலை’ என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘பயர் ஆபீஸ்’. காலையில் வேன் வரும், தூக்குச் சட்டியோடு ஏறிப் போவார்கள். அங்கே ‘மருந்து’ என்றால் டாக்டர் எழுதித் தருவதல்ல. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவைக்குத்தான் அந்தப் பெயர்.

இந்த மருந்தின் சாமான் லிஸ்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வெடியுப்பில் இருப்பது பொட்டாசியம். மத்தாப்பில் மஞ்சள் வேண்டுமா, சோடியம். ஆரஞ்சுச் சாயலுக்குக் கால்சியம். கண்ணைப் பறிக்கிற வெள்ளைக்கு மெக்னீசியம் கலந்த உலோகத் தூள்.

இந்த நாலும் இந்த நிமிஷம் உங்கள் தலைக்குள்ளும் இருக்கின்றன. உலோகமாக இல்லை, உப்புத் தண்ணீரில் கரைந்த அயனிகளாக. நீங்கள் இந்த வரியைப் படிப்பதும், நாளைக்கு இதை நினைவு வைத்திருப்பதும் அல்லது மறப்பதும் இந்த நாலு பேர் உள்ளே வெளியே போய் வருவதைப் பொறுத்தது.

எப்படி? மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். ஒரு செல்லில் மின்துடிப்பு ஓடுவதைத் திரியில் நெருப்பு ஓடுவதோடு ஒப்பிடலாம். சோடியம் உள்ளே புகும், பொட்டாசியம் வெளியே போகும், துடிப்பு அடுத்த அங்குலத்துக்கு நகரும். ஆனால் திரியின் முடிவில் ஒரு விஷயம். அடுத்த செல்லை அது தொடுவதில்லை. நடுவே இடைவெளி. சுமார் 20 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சந்திப்புக்கு 1897-ல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேயர் ‘சைனாப்ஸ்’ என்று பெயர் வைத்தார்.

திரி இங்கே அணைந்துவிடும். துடிப்பு தாண்டாது. அதற்குப் பதில் முனையிலிருந்து ஒரு ரசாயனம் கசிந்து, இடைவெளியைக் கடந்து, அந்தக் கரையில் இருக்கிற பூட்டுகளில் சாவி மாதிரி போய் உட்காரும். பெரும்பாலான இடங்களில் அந்த ரசாயனம் குளூட்டமேட். சைனீஸ் ஹோட்டலில் அஜினமோட்டோ போடுகிறார்களே, அதன் முக்கால்வாசி அதுதான். ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா என்று கேட்காதீர்கள். சாப்பிடுகிற குளூட்டமேட்டை ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற காவல் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை.

அந்தக் கரையில் இரண்டு வகைக் கதவுகள். ஒன்று சாதாரணமானது. சாவி விழுந்தால் திறக்கும், கொஞ்சம் சோடியத்தை உள்ளே விடும், மூடிக்கொள்ளும். செய்தி போய்ச் சேர்ந்தது, ஞாபகம் எதுவும் மிச்சமில்லை. இரண்டாவது கதவுக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். இதில் சாவி விழுந்தாலும் வழி கிடைக்காது. வாசலில் ஒரு மெக்னீசியம் அயனி அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து குளூட்டமேட் வர வேண்டும், அதே சமயம் அந்தப் பக்கத்து செல்லும் பலமாகத் தூண்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் மெக்னீசியம் எழுந்து வழிவிடும். கால்சியம் உள்ளே பாயும்.

கால்சியம் உள்ளே வந்தால் விஷயம் சீரியஸ் என்று அர்த்தம். அந்தக் கரையில் கூடுதல் கதவுகள் வைக்கப்படும். அடுத்த தடவை அதே அளவு ரசாயனத்துக்குப் பெரிய பதில் கிடைக்கும். சைனாப்ஸ் பலப்பட்டுவிட்டது. முயலின் மூளையில் இந்தப் பலப்படுத்தலை பிளிஸ், லோமோ என்ற இருவர் 1973-ல் எழுதி வெளியிட்டார்கள். சில மணி நேர ஞாபகத்துக்கு இது போதும். வருஷக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் தகவல் செல்லின் உட்கருவுக்கு, தலைமைச் செயலகத்துக்கு ஃபைல் போகிற மாதிரி போக வேண்டும். அங்கே மரபணுக்கள் விழித்து, புதுப் புரதம் தயாராகி, புதிய இணைப்பே கட்டப்படும். முதல் வகை வீட்டில் நாற்காலியை நகர்த்திப் போடுவது. இரண்டாவது, புதுசாக ரூம் கட்டுவது.

*

இதில் பெரும்பகுதியை நமக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு கடல் நத்தை என்றால் நம்புவீர்களா? அப்ளிசியா என்று பெயர். நரம்பு செல்கள் மொத்தமே சுமார் 20,000. சில செல்கள் வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவு பெரியவை. எரிக் கேண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி பல வருஷம் இதோடு மல்லாடி, 2000-ல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் செய்தது எளிமையான காரியம். நத்தையின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால், அது பயந்து செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் மறுபடி இழுக்கும், ஆனால் கொஞ்சம் சோம்பலாக. பத்தாவது தடவை, ‘சரி, யாரோ தொடுகிறான்’ என்று அலட்சியமாக இருந்துவிடும். பழகிப் போச்சு. சைனாப்ஸில் எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு தொடுதலுக்கும் கசிகிற ரசாயனம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. திரி எரிகிறது, துடிப்பு வருகிறது, முனையில் கசிவு மட்டும் சுருங்கிவிட்டது.

மாறாக, நத்தையின் வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால்? செரடோனின் என்ற இன்னொரு ரசாயனம் வந்து அதே முனையை உசுப்பிவிடும். கசிவு கூடும். இப்போது மெல்லத் தொட்டாலே செவுள் வெடுக்கென்று சுருங்கும். அதிர்ச்சியைச் சில நாள் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அந்த செல்லின் இணைப்பு முனைகள் சுமார் 1,300-லிருந்து இரண்டு மடங்காகப் பெருகியிருந்தன. பழகிப்போன நத்தையில் அதே முனைகள் குறைந்திருந்தன.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரே மூச்சில் 40 தடவை தொட்டால் அலட்சியம் ஒரு நாள் வரைதான் நிற்கும். தினம் பத்து வீதம் நாலு நாள் தொட்டால் வாரக்கணக்கில் நிற்கும். எண்ணிக்கை ஒன்றுதான், இடைவெளி விட்டதுதான் வித்தியாசம். பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி முழுக்கப் படிக்கிற பையனிடம் இதைச் சொல்லலாம். கற்றுக்கொள்வதற்கு மட்டும் இல்லை, கண்டுகொள்ளாமல் இருக்கக் கற்பதற்கும் இடைவெளி உதவுகிறது.

இப்போது இந்தத் தேதிகளைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. சுமார் 40 பேர் இறந்தார்கள், அதில் பலர் உதவி செய்ய ஓடி வந்த ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். இருபது பேருக்கு மேல். 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை பக்கம் ராமுதேவன்பட்டி. பத்துப் பேர். அதே வருஷம் மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. இது முழுப் பட்டியல் இல்லை. நடுவே ஒருவர், இருவர் என்று இறந்தவை உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்து போயின.

இடைவெளி விட்டு, அளவாக, நம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன.

நத்தையின் செவுளும் மனிதனின் மனசாட்சியும் ஒன்றில்லை என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். நியாயம். பேப்பர் படிக்கிற மூளையில் நடப்பது இதைவிடப் பல மடங்கு சிக்கல். ஆனால் அடிப்படைப் பாடம் நத்தையிலிருந்து நாம் வரைக்கும் பொது. வந்து தொட்டுவிட்டு, நமக்கு ஒன்றும் செய்யாமல் போகிற எதையும் நரம்பு மண்டலம் மெல்ல மெல்லத் தள்ளுபடி செய்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் உடம்பில் சட்டை உரசுவதையே நாள் முழுக்க உணர்ந்துகொண்டிருப்போம். பிழைக்க முடியாது.

*

இப்போது அதே வெடியின் மறுபக்கம் போகலாம்.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முப்பத்தைந்து வயது. பேன்சி ரகத்துக்குக் குழாய் அடைக்கிற வேலை. பக்கத்து ரூம் போய்விட்டது. இவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தாள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ‘ஆத்தா காப்பாத்திட்டா’ என்று எல்லாரும் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தாள். அழுதாள், சாவு வீடுகளுக்குப் போனாள், சமைத்தாள். பத்து நாள் கழித்துத்தான் ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். கல்யாண வீட்டில் சரவெடி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். தீக்குச்சி உரசின வாசனைக்கு வியர்க்கிறது.

“மதினி, நாளைக்கு வேலைக்கு வர்றீகளா? வேன்காரரு கேக்காரு.”

“இல்ல தாயி, இன்னும் ரெண்டு நா போகட்டும்.”

“எத்தன ரெண்டு நா?”

அவளுக்கே தெரியாது. ‘முதல்ல நல்லாத்தானே இருந்தா, இப்ப வேலைக்குப் போகப் பயந்து நடிக்கிறா’ என்று வீட்டிலேயே யாராவது முணுமுணுக்கலாம்.

நடிப்பில்லை. இதற்கு பெங்களூரில் சாட்சி இருக்கிறது. அங்கே தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவர் குழுவும் எலிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரு எலியை ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம் அசைய விடாமல் கட்டிப் போட்டார்கள். மறுநாள் அதன் அமிக்டலாவைப் பார்த்தால் ஒரு மாறுதலும் இல்லை. அமிக்டலா என்பது பாதாம் பருப்பு வடிவத்தில், பயத்தைக் கவனித்துக்கொள்கிற பகுதி. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அங்கே நரம்புக் கிளைகளில் புதிய முட்கள், அதாவது புதிய சைனாப்ஸ்கள் உட்காரும் இடங்கள், கூடியிருந்தன. எலியின் பதற்றமும் அப்போதுதான் கூடியிருந்தது. 2005-ல் வெளியான ஆய்வு இது. ஒரு நாள் அதிர்ச்சி, பத்து நாள் கழித்துக் கட்டடம்.

அதே குழு 2002-ல் இன்னொன்றையும் காட்டியிருந்தது. தினம் இரண்டு மணி நேரம், பத்து நாள் தொடர்ந்து கட்டிப் போட்டால், ‘எங்கே, எப்போது, என்ன’ என்ற விவரங்களைப் பதிகிற ஹிப்போகாம்பஸ் பகுதியில் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. பிறகு மூன்று வாரம் எலிக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிக்கொண்டது. அமிக்டலா தேறவில்லை. விவரம் மங்கும், பயம் தங்கும்.

ஆக, ஒரே வெடி. அவள் மூளையில் சைனாப்ஸ் முளைக்கிறது. நம் மூளையில் கசிவு குறைகிறது. பாடம் ஒன்று, மாணவர்கள் இரண்டு பேர், கற்றுக்கொண்டது நேர் எதிர். அந்த ரூமில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்பதில் ஒரு சொல் சொல்லக் கூடியவர்கள் - அதிகாரிகள், முதலாளிகள், ஓட்டுப் போடுகிறவர்கள், தீபாவளிக்கு விலை குறைவாகக் கேட்கிற நாம் - பயம் விட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறோம். எதையும் மாற்ற முடியாத அவள் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

*

அவளுடைய பயத்தை ஒரு மாத்திரையால் எடுத்துவிடலாம் என்றால்?

இது அறிவியல் கதையில்லை. புரொப்ரனலால் என்று ஒரு பழைய மாத்திரை. ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் கொடுப்பார்கள், விலையும் குறைவு. பயங்கரமான சம்பவம் நடக்கும்போது உடம்பில் பெருகுகிற அட்ரினலின் வகை ரசாயனங்கள்தான் அந்த ஞாபகத்துக்கு மட்டும் ஸ்பெஷலாக அழுத்தம் கொடுக்கின்றன. இந்த மாத்திரை அந்த அழுத்தத்தைத் தடுக்கிறது. 1994-ல் காஹில், மெக்கா என்ற அமெரிக்கர்கள், ஒரு சிறுவன் விபத்தில் சிக்குகிற கதையைப் படங்களோடு சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கேட்டவர்களுக்குச் சாதாரணப் பகுதிகள் மற்றவர்களைப் போலவே நினைவிருந்தன. விபத்துப் பகுதி மட்டும் கூடுதலாக ஒட்டிக்கொள்ளவில்லை.

2000-ல் இன்னொரு ஆச்சரியம். பழைய ஞாபகத்தை நினைவுகூரும்போது அது கொஞ்ச நேரத்துக்கு இளகிவிடுகிறது, மறுபடி புரதம் தயாரித்துத்தான் கெட்டிப்படுகிறது என்று நாதர், லெடூ முதலானவர்கள் எலிகளில் காட்டினார்கள். அலமாரியிலிருந்து எடுத்த ஃபைலைத் திருப்பி வைப்பதற்குள் திருத்திவிட முடியும்! 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மெரல் கிண்ட் குழு இதை மனிதர்களிடம் செய்து பார்த்தது. சிலந்திப் படத்தைக் காட்டி ஷாக் கொடுத்துப் பயப்படப் பழக்கினார்கள். மறுநாள் மாத்திரை கொடுத்து அந்த ஞாபகத்தைக் கிளறினார்கள். அதற்கடுத்த நாள், ‘இந்தப் படம் வந்தால் ஷாக் வரும்’ என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உடம்பு மட்டும் திடுக்கிடவில்லை. பின்னால் வந்த சோதனைகள் எல்லாமே இப்படி அழகாக அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மன அதிர்ச்சிக்கு இது இன்னும் கைகண்ட மருந்தாகவில்லை. நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து.

ஆனால் ஒருநாள் கைகூடலாம். அப்போது அவளுக்குக் கொடுக்கலாமா?

கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2003-ல் அமெரிக்க ஜனாதிபதி அமைத்திருந்த அறநெறிக் குழு இதை நீளமாக விவாதித்தது. கொடுமையைப் பார்த்தவன் அதைக் கொடுமையாகவே நினைவில் வைத்திருக்க வேண்டாமா, வலிக்காத ஞாபகம் உண்மையான ஞாபகமா என்று கவலைப்பட்டது. தப்புச் செய்தவன் மாத்திரை போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினால் என்ன ஆவது? நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை ஏ.சி. அறையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். ‘மனித குலத்தின் மனசாட்சிக்காக நீ தினம் ராத்திரி வெடித்துச் சாக வேண்டும்’ என்று ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் சொல்ல யாருக்கு உரிமை? நம் எல்லாருக்குமான பயத்தை அவளிடம் மட்டும் அடகு வைத்துவிட்டு, அதை அவள் மீட்கவும் கூடாது என்று சொல்வதா?

ஆகவே கொடுக்கலாம் என்பது என் கட்சி. அவள் கேட்டால், டாக்டர் சம்மதித்தால், கொடுக்கத்தான் வேண்டும். விவரம் வேறு, பயம் வேறு என்பதைத்தான் இத்தனை ஆய்வுகளும் காட்டுகின்றன. பயம் போனாலும் ‘அன்றைக்கு அந்த ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள்’ என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கும். கோர்ட்டில் கூண்டேறிச் சொல்ல முடியும். சொல்லப் போனால், நடுங்காமல் சொல்ல முடியும்.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. போர் முடிந்து வீட்டுக்கு வந்த சிப்பாய்க்குப் பயம் தேவையில்லை, அவன் ஆபத்து முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை. தீபாவளி ஆர்டர் வந்ததும் அவள் திரும்பிப் போகப் போவது அதே வேலைக்கு. ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும், குழுக் கடன் கட்ட வேண்டும். ஆபத்து அங்கேயே இருக்கும்போது, பயத்துக்கு வியாதி என்று பெயர் வைக்க முடியுமா? அது சரியான தகவலாயிற்றே! மாத்திரை அவளைச் சரி செய்யும், ரூமைச் சரி செய்யாது. அவளைச் சரி செய்து அதே ரூமுக்கு அனுப்புவதென்றால், நாம் மருத்துவம் பார்த்தது அவளுக்கா, உற்பத்திக்கா?

எனவே அவள் பயத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. அந்தப் பயம் செய்துகொண்டிருந்த வேலையை யாராவது செய்ய வேண்டும்.

*

யார் செய்வது? ‘நாங்கள்தான் பழகிப் போய்விட்டோமே, ரசாயனம் கசிய மாட்டேன் என்கிறதே’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். இங்கே கேண்டலின் சொந்தக் கதை உதவுகிறது. அவர் வியன்னாவில் ஒரு யூத பொம்மைக் கடைக்காரரின் மகன். 1938 நவம்பரில், ஒன்பதாவது பிறந்த நாள் முடிந்து இரண்டே நாளில், நாஜிகள் அவர் வீட்டுக் கதவை இடித்தார்கள். அந்த ராத்திரி ஏன் தன் மனதில் இத்தனை ஆழமாகப் பதிந்தது என்ற கேள்விதான் தன்னை ஞாபக ஆராய்ச்சிக்கு இழுத்தது என்று பின்னால் எழுதியிருக்கிறார். நோபல் கிடைத்ததும் ஆஸ்திரியா ‘எங்கள் ஊர்க்காரர், எப்படி கௌரவிக்கலாம்’ என்று கேட்டது. அவர் மாலையும் பொன்னாடையும் கேட்கவில்லை. நாஜி காலத்தில் ஆஸ்திரியா எப்படி நடந்துகொண்டது என்று ஒரு கருத்தரங்கு நடத்தச் சொன்னார், 2003-ல் நடந்தது. யூத வெறுப்பைப் பரப்பிய ஒரு பழைய மேயரின் பெயரில் இருந்த சாலையின் பெயரை மாற்றச் சொன்னார், 2012-ல் மாறியது.

ஞாபகத்தின் ரசாயனத்தை உலகத்திலேயே நன்றாக அறிந்த மனிதர், ஒரு நகரத்தின் ஞாபகத்தை அதன் ஜனங்களின் சைனாப்ஸை நம்பி விடவில்லை. தெருப்பலகையில் எழுதச் சொன்னார். சைனாப்ஸ் எப்படிப்பட்ட ஆசாமி என்று அவருக்குத் தெரியும்.

எழுதி வைப்பது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. இதே வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் 2022-லிருந்து தமிழகத் தொல்லியல் துறை பல கட்டமாக அகழாய்வு நடத்தியிருக்கிறது. சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், கண்ணாடி மணிகள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. உடைந்த வளையல் துண்டாக இருந்தாலும் எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று குறித்து, நம்பர் போட்டு, பெட்டியில் வைப்பார்கள். யார் போட்டிருந்த வளையல் என்று தெரியாது, அவளுக்காக யாருக்கும் கண்ணீர் வராது. ஆனாலும் அக்கறையாகப் பதிகிறோம். அதாவது, ஞாபகம் வைத்துக்கொள்ள அழுகை தேவையில்லை.

வெடிபொருள் விதிகளும் அப்படிப்பட்ட ஒரு பதிவுதான். 1884-ல் வந்த வெடிபொருள் சட்டம், அதன் கீழ் 2008-ன் விதிகள். ஒரு ரூமில் எத்தனை பேர், ரூமுக்கும் ரூமுக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு மருந்து. சலிப்பூட்டும் எண்கள். ஆனால் ஒரு ரூம் போனால் அடுத்த ரூமும் சேர்ந்து போகும் என்பதை யாரோ எங்கோ உயிரைக் கொடுத்துத்தான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். மூளை மறத்துப் போனாலும் மறக்காமல் இருப்பதற்காகக் காகிதத்துக்கு மாற்றப்பட்ட பயம் அது. நாலு பேர் ரூமில் எட்டுப் பேரை உட்கார வைப்பவர், மரத்தடியில் மருந்து காய வைப்பவர், லைசென்ஸை உள்குத்தகைக்கு விடுபவர், இதையெல்லாம் பார்த்தும் கையெழுத்துப் போடுபவர் - இவர்கள் மறதிக்காரர்கள் இல்லை. எழுதி வைத்த ஞாபகத்தை அழிப்பவர்கள். அவர்களுக்கு சைனாப்ஸ் சாக்குச் செல்லாது.

உங்களுக்கும் எனக்கும்? செய்தியைப் படித்து அழவில்லை என்பதற்காக யாரும் நம்மைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. கசிவு குறைந்தது நம் கையில் இல்லை. ஆனால் மெக்னீசியக் கதவு திறக்க இரண்டு பக்கமும் ஒன்றாக விழித்திருக்க வேண்டும் என்று பார்த்தோம். செய்தி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாம் செய்யக் கூடியது, ‘உராய்வு’ என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த கேள்வியைக் கேட்பது. உராய்வு சரி, அந்த ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள்? போன விபத்துக்குப் பிறகு போட்ட வழக்கு என்ன ஆயிற்று? கேள்வி கேட்கும்போது அது வெறும் தொடுதலாக இருப்பதில்லை, கொஞ்சம் கால்சியம் உள்ளே போகிறது. கடைக்காரரிடம், எம்.எல்.ஏ.விடம், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அரசாங்கத்திடம் - எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். அழத் தெரிய வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

அந்த மதினி என்றைக்காவது ஒருநாள் குக்கர் விசிலுக்கு ஓடாமல் சாதாரணமாகச் சோறு வடிக்க வேண்டும். அதற்கு மாத்திரை கண்டுபிடிப்பது விஞ்ஞானிகள் வேலை. அவள் நிம்மதியாக மறக்கும்படி நினைவில் வைத்திருப்பது மற்றவர்கள் வேலை.